ஒரு நிமிடத் தொலைவில் ஒரு கடற்கரை ஊர்



நெய்வேலி நகரியத்தில் கதிரவன் மறைவதற்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் முன்னரே பரங்கிப்பேட்டையில் மறைந்துவிடுகிறது. இவ்விரு ஊர்களும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 11½ பாகையை ஒட்டி அமைந்தவை. தீர்க்கரேகையில் மட்டும் கால் பாகைக்குச் சற்றே கூடுதலான வேறுபாடு உண்டு. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்பது கணக்காதலின், அங்கே மஃரிப் பாங்கு ஒலித்து ஒரு நிமிடத்திற்குப் பின் இங்கே ஒலிக்கிறது. நேர்கோட்டில் அளந்தால் இடைத்தொலைவு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். சாலை வழியே கூடுதலாகும். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் எங்களுக்குத் தொழுகையைச் சுருக்கித் தொழும் சலுகை கிடைக்க ஏறத்தாழ 80 கிலோமீட்டராவது பயணம் செய்தாக வேண்டும். ஆகவே எங்கள் உம்மாவின் ஊருக்குச் செல்லும்போது மார்க்கச் சட்டம் எங்களைப் பயணிகளாகக் கருதுவதில்லை. எனினும் நாங்கள் அவ்வூராரும் அல்லர்.

இந்த இடைநிலை பல்லாண்டுகளாக எங்களை வருத்தவில்லை. வாப்பா பணி ஓய்வு பெறும் நாள் நெருங்கியபோதுதான் அது ஒரு கேள்வியாக எழுந்து நின்றது. உடன்பிறந்தார் நாங்கள் மூவர். மூவரும் நெய்வேலியில் பிறந்து, வட்டங்களாகப் பகுக்கப்பட்ட அந்நகரியத்தின் நிழற்சாலைகளில் மிதிவண்டி ஓட்டி வளர்ந்தவர்கள். அங்கே எவருக்கும் சொந்த வீடு கிடையாது. பணியிலிருக்கும்வரை குடியிருப்பு, ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். உலகில் வழிப்போக்கனைப் போல் வாழுமாறு அறிவுறுத்தும் நபிமொழியை வாப்பா அடிக்கடி நினைவூட்டுவார்கள். நகரியவாசிக்கு அதன் பொருள் விளங்க விரிவுரை தேவையில்லை.

எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. பரங்கிப்பேட்டையில் உம்மாவுக்கு வந்து சேர்ந்த பழைய வீட்டை விற்று, நகரியத்தின் வெளிப்புறத்தில் ஒரு மனை வாங்கிக் கட்டுவது ஒன்று. அவ்வீட்டைச் செப்பனிட்டு அங்கேயே குடிபோவது மற்றொன்று. எங்கள் குடும்ப வழக்கில் வீடு பெண்மக்களுக்கே வரும். உம்மாவுக்கு அவர்களுடைய உம்மா தந்தது அது. விலைக்குக் கேட்டவர்களும் இருந்தனர். சென்னையிலிருக்கும் எங்கள் மூத்தவர், "கடல் பக்கத்தில் இருக்கிறது, நீர் உப்பாகிவிட்டது, விற்றுவிடுவதே அறிவுடைமை" என்றார். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. வாப்பாதான், "தெரியாத ஊரை விற்பதும் தவறு, தெரியாத ஊரில் குடியேறுவதும் தவறு. முதலில் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள்" என்றார்கள். அவ்வாறு தெரிந்துகொண்டவற்றையே இங்கே பகிர்கிறோம்.

மண் மாறும் வழி

நெய்வேலியிலிருந்து கிழக்கே இறங்கும் வழி ஒரு நிலவியல் பாடம். நகரியத்தைச் சூழ்ந்திருப்பது செம்மண். முந்திரியும் பலாவும் அதில் செழிக்கின்றன. வள்ளலார் 1867-இல் தருமசாலை நிறுவிய வடலூரைக் கடந்து சேத்தியாத்தோப்பை நெருங்கும்போது செம்மண் மறைந்து நெல்வயல்கள் தொடங்குகின்றன. புவனகிரியையும் பி.முட்லூரையும் தாண்டினால் மண் மணலாகிறது. சவுக்குத் தோப்புகளும் தென்னைகளும் வருகின்றன. காற்றில் ஈரம் ஏறிவிட்டதைத் தோல் உணரும் முன்னரே உம்மாவின் முகம் உணர்ந்துவிடும்.

இவ்வழியின் பிற்பகுதியில் எங்களோடு வருவது வெள்ளாறு. சேலம், கள்ளக்குறிச்சிப் பகுதி மலைகளிலிருந்து வரும் வசிட்ட நதியும் சுவேத நதியும் கூடி வெள்ளாறாகின்றன. பின்னர் மணிமுக்தாறு வந்து சேர்கிறது. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் பாசனத்திற்குத் தன்னைப் பங்கிட்டுக் கொடுத்தபின் எஞ்சும் ஆறு, பரங்கிப்பேட்டையின் தென்புறமாகச் சென்று வங்காள விரிகுடாவில் கலக்கிறது. கடல் கிழக்கே, ஆறு தெற்கே. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் ஊர் அமைந்திருக்கிறது. ஊரின் பழைய தெருக்கள் அலைவாய்க்கரையில் இல்லை. சற்று உள்ளே தள்ளியே உள்ளன. மீனவர் குடியிருப்புகளே கடலை ஒட்டியவை.

பள்ளிவாசலில் கிப்லாவை நோக்கி நிற்கும்போது கடல் முதுகுப்புறம் இருக்கிறது. நெய்வேலியோ ஏறக்குறைய முன்புறம் இருக்கிறது. வரைபடத்தில் கோடு இழுத்துப் பார்த்த எங்கள் தங்கை இதைக் கண்டு சொன்னபோது வாப்பா சிரித்தார்கள்.

ஆறும் கடலும் கூடுமிடம்

முகத்துவாரத்தில் நன்னீரும் உவர்நீரும் சந்திக்கின்றன. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆற்றின் கை ஓங்கி, செந்நீர் கடலுக்குள் நெடுந்தொலைவு பாய்கிறது. கோடையில் ஆறு மெலிந்து, ஏற்றத்தின்போது கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவருகிறது. முகத்துவாரத்து மணல்திட்டுகள் ஆண்டுதோறும் இடம் மாறுகின்றன. அல்ஃபுர்கான் அத்தியாயத்தில் இனிய நீர்ப்பரப்பையும் உவர் நீர்ப்பரப்பையும் அவற்றுக்கிடையே அமைந்த தடுப்பையும் அல்லாஹ் தன் அத்தாட்சியாக எடுத்துக்காட்டுகிறான். அவ்வசனத்தைச் சிறுவயதில் மதரஸாவில் ஓதியிருக்கிறோம். ஆற்றங்கரையில் நின்று பார்த்தபின் ஓதும்போது அது வேறு அனுபவமாக இருந்தது.

இந்தக் கலப்பு நீரே மீன்வளத்தின் தொட்டில். இறாலும் நண்டும் கொடுவாயும் மடவையும் குஞ்சுப் பருவத்தை இத்தகைய கழிமுகங்களில்தான் கழிக்கின்றன. அதனால்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தன் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையத்தை இங்கே, வெள்ளாற்றங்கரையில் அமைத்தது. உலகின் பல ஆய்விதழ்களில் இச்சிற்றூரின் பெயர் இடம்பெற்றிருப்பது அம்மையத்தால்தான். ஊரில் பிறந்தோர் பலர் அக்கட்டடத்தைக் கடந்து சென்றிருப்பரேயன்றி உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டிருக்கமாட்டார்கள். நம் பிள்ளைகள் கேட்கட்டும்.

தெற்கே, வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிட முகத்துக்கும் இடையில் ஏறத்தாழ 1,100 ஹெக்டேரில் பிச்சாவரம் அலையாத்திக் காடு விரிந்திருக்கிறது. சுரபுன்னை, வெண்கண்டல், தில்லை முதலிய மரங்கள் உவர்ச்சேற்றில் வேரூன்றி நிற்கின்றன. இங்கே எங்களை வியப்பில் ஆழ்த்திய செய்தி ஒன்றுண்டு. வாப்பா வாழ்நாளெல்லாம் வெட்டியெடுத்த பழுப்பு நிலக்கரியும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இத்தகைய கடலோரச் சதுப்புக் காடுகள் புதையுண்டதால் உருவானது என்று புவியியலார் கூறுகின்றனர். அப்படியானால் நெய்வேலி ஒரு காலத்தில் கடற்கரை. நாங்கள் கடலை விட்டுத் தொலைவில் வளர்ந்ததாக எண்ணியிருந்தோம். ஒரு பழைய கடற்கரையின் மேல்தான் வளர்ந்திருக்கிறோம்.

பெயர்கள் சொல்லும் வரலாறு

பரங்கிப்பேட்டைக்குப் பெயர்கள் பல. போர்த்துக்கீசியர் இதனைப் 'போர்ட்டோ நோவோ' என்றனர். புதிய துறைமுகம் என்பது பொருள். மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டுத் தலைநகரும் இதே பெயரைத் தாங்கியிருக்கிறது. அதையும் சூட்டியவர்கள் அவர்களே. பறங்கியர் குடியேறியதால் பரங்கிப்பேட்டை ஆயிற்று. முஸ்லிம்களிடையே வழங்கிய பெயர் மஹ்மூது பந்தர். 'பந்தர்' என்பது துறைமுகத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். பழைய கடிதங்களின் தலைப்பில் எங்கள் பாட்டியார் இப்பெயரையே எழுதியிருக்கிறார்கள்.

17-ஆம் நூற்றாண்டில் இத்துறையிலிருந்து துணிமூட்டைகள் மலாக்காவுக்கும் அச்சேக்கும் கடாரத்துக்கும் சென்றன. அவ்வணிகத்தில் தமிழ் முஸ்லிம் மரக்கலக்காரர்களின் பங்கு பெரிது. கீழை நாடுகளில் அவர்கள் 'சூலியா' என்று அழைக்கப்பட்டனர். பினாங்கில் சூலியா தெரு இன்றும் உண்டு. சிங்கப்பூரில் 1826-இல் தொடங்கிய சூலியா பள்ளிவாசல் இன்றும் தொழுகையாளிகளால் நிறைகிறது. எங்கள் உம்மாவின் பாட்டனாரும் பினாங்குக்குச் சென்று திரும்பியவர்தாம். வீட்டின் தேக்கு உத்திரங்கள் அவர் சம்பாத்தியம்.

1781 ஜூலை 1 அன்று இவ்வூரை அடுத்த மணல்வெளியில் ஹைதர் அலியின் படையும் சர் அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் மோதின. ஹைதர் தோற்றுப் பின்வாங்கினார். தென்னிந்திய வரலாற்றின் போக்கை மாற்றிய போர்களுள் அதுவும் ஒன்று.

ஆனால் எங்கள் குடும்பத்தில் அதிகம் பேசப்பட்டது போர் அன்று, இரும்பாலை. ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1830-ஐ ஒட்டி இங்கே ஓர் இரும்பு உருக்காலையை நிறுவினார். தாது சேலத்திலிருந்து வந்தது. உலைக்கு எரிபொருள் மரக்கரி. ஊதுலையில் உருகிய இரும்பு இங்கிலாந்துவரை சென்றது. ஆயினும் சுற்றுவட்டக் காடுகள் அழிய அழியக் கரிக்குப் பஞ்சம் வந்தது, நட்டமும் சேர்ந்தது, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலை அணைந்துவிட்டது. இதைக் கேட்ட வாப்பா நெடுநேரம் பேசாதிருந்தார்கள். "முப்பது கிலோமீட்டர் தள்றிப் பூமிக்கடியில் அத்தனை எரிபொருளை அல்லாஹ் வைத்திருந்தான். அவர்களுக்குத் தெரியவில்லை" என்றார்கள்.

நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956-இல் தோன்றியது; 1961-இல் நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது; 1962-இல் முதல் மின் அலகு இயங்கத் தொடங்கியது. அந்த முதல் அனல் மின்நிலையமே 2020-இல் ஓய்வு பெற்றுவிட்டது. பரங்கிப்பேட்டையை அடுத்தோ 1,200 மெகாவாட் அனல் மின்நிலையம் ஒன்று இறக்குமதி நிலக்கரியை நம்பி எழுந்திருக்கிறது. எரிபொருள் இல்லாமல் உலை அணைந்த கடற்கரைக்கு இன்று கடல் கடந்து எரிபொருள் வருகிறது. ஊர்களின் ரிஸ்கும் மனிதர்களின் ரிஸ்கைப் போன்றதே; எவ்வழியில் வரும், எப்போது நிற்கும் என்பதை அறிந்தவன் அவன் ஒருவனே.

நீரும் அச்சமும்

மூத்தவரின் மறுப்புகளில் முதலாவது நீர். நெய்வேலியில் நீருக்குக் குறைவில்லை. நிலக்கரிப் படுகையின் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவுபகலாக இறைத்து வெளியேற்றினால்தான் சுரங்கம் நிலைக்கும். அங்கே நீர் மிகுதியே சிக்கல். கடற்கரையில் நிலை நேர்மாறானது. மணலில் இறங்கிய மழைநீர், கனமான கடல்நீரின் மேல் ஒரு மெல்லிய வில்லையைப் போல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்தைவிட ஓரடி உயர்ந்திருந்தால் அதன் கீழ் ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கணக்கு. இதன் மறுபக்கம் அச்சமூட்டுவது: மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உப்பு நாற்பதடி ஏறும். ஆழ்துளைக் கிணறுகள் கடற்கரையில் ஏன் உப்பாகின்றன என்பதற்கு விடை இதுவே. எங்கள் வீட்டுத் திறந்த கிணற்று நீர் இன்று துவைக்கவும் கழுவவும் ஆகிறது, குடிக்க ஆகவில்லை. ஆனால் முற்றத்தில் விழும் மழை முழுவதும் இதுவரை தெருவில் ஓடி வீணாகியிருக்கிறது.

இரண்டாவது மறுப்பு கடல். 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை இக்கரையோர மீனவர் குடியிருப்புகளைச் சிதைத்தது. கடலூர் மாவட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். எங்கள் தெருவுக்குள் நீர் வரவில்லை. வந்தவர்கள் மனிதர்கள். ஊர் ஜமாஅத்தார் அவர்களுக்குத் தங்குமிடம் தந்து, அடுப்பு மூட்டிச் சோறாக்கிக் கொடுத்தனர். எங்கள் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் மீனவச் சகோதரிகள் நால்வர் பல நாட்கள் தங்கியிருந்தனர். அவர்களுள் ஒருவர் இன்றும் பெருநாளன்று மறவாமல் வந்துபோகிறார். எங்கள் வீட்டுக்கு முதல் மீன் அவர் கூடையிலிருந்துதான்.

மேற்சொன்ன உயராய்வு மையத்தின் அறிஞர்கள் கதிரேசனும் ராஜேந்திரனும் இக்கரையின் 18 குடியிருப்புகளை ஆராய்ந்து 2005-இல் முடிவுகளை வெளியிட்டனர். கடலிலிருந்து தொலைவு, நிலத்தின் உயரம், கடலோரத் தாவரங்களின் பரப்பு ஆகிய மூன்றும் உயிரிழப்பைக் குறைத்தன என்பது அவர்கள் கண்டது. மரம் நடுவதை நிலைத்த தர்மமாக நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். சேற்றில் நிற்கும் ஒரு கண்டல் மரம் மனித உயிரைக் காக்கும் தர்மமாகவும் ஆகக்கூடும் என்பதற்கு இவ்வாய்வு ஒரு சான்று.

அன்றியும், கடலை விட்டு விலகியிருந்தால் ஆபத்தை விட்டு விலகியிருப்போம் என்பதும் முழு உண்மையன்று. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையேறியபோது பண்ருட்டி, நெய்வேலிப் பகுதிகளின் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. நகரியத்தின் எங்கள் நிழற்சாலைகளும் அன்று வெயிலுக்குத் திறந்துகொண்டன.

முடிவு

ஊர்ப்பற்று ஈமானில் ஒரு பகுதி என்று மேடைகளில் நபிமொழியாகச் சொல்லப்படும் வாக்கியம் ஆதாரமற்றது என்பது ஹதீஸ் அறிஞர்களின் தீர்ப்பு. அதைக் காட்டி நாங்கள் எம்முடிவையும் எடுக்க விரும்பவில்லை. ஆனால் மக்காவைப் பிரியும்போது நபி (ஸல்) அவர்கள் அவ்வூரின்மீது தமக்கிருந்த அன்பை வெளியிட்டது திர்மிதியில் பதிவாகியுள்ளது. அவ்வன்பைச் சுமந்தவாறே மதீனாவைத் தம் ஊராக்கிக்கொண்டார்கள். பிறந்த ஊரை நேசிப்பதும், சேர்ந்த ஊருக்கு உழைப்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல.

மூவரும் அமர்ந்து கணக்கிட்டோம். வீடு அலைவாய்க்கரையில் இல்லை. சிதம்பரத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டக்கூடிய தொலைவில் உள்ளது. ஓட்டுக்கூரையின் நீரை வடிகட்டித் தொட்டியில் சேர்த்தால் சமையலுக்கும் குடிக்கவும் ஆண்டின் ஒரு பகுதிக்காவது ஆகும். மிகுந்ததைக் கிணற்றுக்குள் இறக்கலாம். ஆழ்துளைக் கிணறு தோண்டுவதில்லை. உப்புக்காற்று இரும்பை அரிக்குமாதலால், பழுதுபார்ப்பில் தேக்கும் சுண்ணாம்பும் எங்கெங்கு இயலுமோ அங்கெல்லாம் அவற்றையே கொள்வது. மூத்தவர் கடைசிவரை முழுமனத்தோடு இசையவில்லை. "இருவருக்கும் வயது ஏறுகிறது, இரவில் ஏதேனும் நேர்ந்தால்?" என்ற அவர் கேள்விக்கு எங்களிடம் முழு விடை இல்லை. பக்கத்து வீடுகளில் மாமிமார் இருவரும், எதிர்வீட்டில் ஒரு பெரியம்மாவும் இருக்கிறார்கள் என்பதே எங்களிடமிருந்த விடை. நகரியத்தின் வெளிப்புறத்து மனையில் அவ்விடையும் இருந்திராது.

வீட்டை விற்பதில்லை என்று முடிவாயிற்று. அதைக் கேட்டபின்தான் உம்மா வாய் திறந்து, "நீங்கள் அங்கே வந்து இருப்பீர்களா?" என்று வாப்பாவிடம் கேட்டார்கள். கரிசல் படிந்த கைகளோடு ஒரு சுரங்கத்தைக் காத்த மனிதர், மாமனார் வீட்டில் முதுமையைக் கழிக்க ஒப்புவாரோ என்ற ஐயம் இத்தனை மாதங்களாக அவர்களை ஊமையாக்கியிருந்திருக்கிறது. "கபுருஸ்தான் மரத்தடியும் உன் ஊரிலேயே பார்த்துவிட்டேன்" என்றார்கள் வாப்பா. நாங்கள் வேறு அறைக்குச் சென்றுவிட்டோம்.

நகரியங்களிலும் பெருநகரங்களிலும் வெளிநாடுகளிலும் வாழும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீட்டை விற்பதா வைத்திருப்பதா என்னும் பேச்சு உங்கள் வீட்டிலும் எழக்கூடும். விலையைக் கேட்கும் முன் ஊரைக் கேளுங்கள். அதன் ஆறு எங்கிருந்து வருகிறது, கிணற்றில் நீர் எத்தனை அடியில் நிற்கிறது, வெள்ளம் எத்தெருவரை வந்தது, அன்று யார் யாருக்குச் சோறு போட்டார்கள் என்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நடந்து கேளுங்கள். அதன்பின் விற்றாலும் தெரிந்து விற்பீர்கள். வைத்திருந்தாலும் தெரிந்து வைத்திருப்பீர்கள்.

வல்ல அல்லாஹ் நம் இருப்பிடங்களில் பரக்கத்தையும், அண்டை வீட்டாரோடு நல்லிணக்கத்தையும், இறுதியில் நிலையான இல்லத்தில் நற்குடியிருப்பையும் தந்தருள்வானாக. ஆமீன்.